திருடுபோன 1967 எம்ஜிபி: மறுக்கப்பட்ட இழப்பீட்டுக் கோரிக்கை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பழுதுபார்க்கக் கொடுத்த பட்டறையிலிருந்து, எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று திருடுபோனது. காப்பீட்டு நிறுவனம் முதலில் பொறுப்பே இல்லை என்றது, பிறகு பாதிதான் தருவேன் என்றது, 14 மாதங்களுக்குப் பிறகு முழு மதிப்பையும் தந்தது. இழப்பு மதிப்பீட்டு வேலையில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் உரிமையாளருக்குக் கடிதங்கள் எழுத உதவினேன். கோப்பு முழுவதும் என் கையில் இருந்தது. சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தெரியாமல் இருக்க, ஊரையும் நிறுவனத்தையும் சொல்லவில்லை. பாலிசியில் எழுதியிருந்த மதிப்பை 100 என்று வைத்து, மற்றத் தொகைகளை அந்தக் கணக்கில் தருகிறேன்.

கார்

1967-இன் முற்பகுதியில் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் தயாரான, திறந்த கூரை கொண்ட இரண்டு இருக்கை எம்ஜிபி. 1798 சிசி என்ஜின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், கம்பிச் சக்கரங்கள், குரோம் பம்பர். 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான மாடல் என்பதால், எம்ஜிபியை அபூர்வமான வண்டி என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லா எம்ஜிபியும் ஒன்றல்ல. 1974-இன் பிற்பகுதியில், அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காகக் குரோமை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தார்கள். வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். பழைய கார் வாங்குபவர்கள் பொதுவாகக் குரோம் பம்பர் வண்டிக்கே கூடுதல் விலை தருகிறார்கள். இந்த வேறுபாடு தகராறில் பின்னால் பெரிதாக வந்தது.

உரிமையாளர் இதைத் துருப்பிடித்த நிலையில் வாங்கி, பல ஆண்டுகள் செலவழித்துச் சீரமைத்தார். எம்ஜிபிக்குத் தனியாகச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் சேஸி. கதவுகளுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற பகுதிதான் வண்டியைத் தாங்குகிறது. துரு முதலில் தின்பதும் அதைத்தான். அவர் அந்தச் சில்லை வெட்டி எடுத்து, உள் தகடு, வெளித் தகடு என்று ஒவ்வொன்றாக வைத்து வெல்டிங் செய்தபோது எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு படத்திலும் பக்கத்தில் ஓர் அளவுகோல், மூலையில் தேதி எழுதிய சீட்டு. காப்பீட்டுக்காக எடுத்தவை அல்ல, தனக்கு நினைவு இருக்க வேண்டும் என்று எடுத்தவை.

பாலிசி

பல நாடுகளில், சாதாரண கார் பாலிசியில் திருடுபோன அன்று வண்டிக்குச் சந்தையில் என்ன விலையோ அதுதான் கிடைக்கும். பழைய கார்களுக்கான தனிப் பாலிசிகளில் இன்னொரு வழி உண்டு. வண்டியின் மதிப்பு இவ்வளவு என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பாலிசியில் எழுதிவிடலாம். முழு இழப்பு என்றால் அந்தத் தொகையைத் தர வேண்டும். இந்த ஏற்பாடு கப்பல் காப்பீட்டில் மிகப் பழையது. இங்கிலாந்தின் 1906-ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டம், மோசடி இல்லாதவரை பாலிசியில் குறித்த மதிப்பே இறுதியானது என்று சொல்கிறது.

இந்தக் கார் அப்படி ஒப்புக்கொண்ட மதிப்பில்தான் காப்பீடு செய்யப்பட்டிருந்தது. பாலிசியில் 2 நிபந்தனைகள் முக்கியம். வண்டி வீட்டில் நிற்கும் இரவுகளில் பூட்டிய கராஜில் இருக்க வேண்டும். மதிப்பீட்டுச் சான்றிதழை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். திருட்டு நடந்தபோது, சான்றிதழ் காலாவதியாகி 7 மாதம் ஆகியிருந்தது. இடையில் பாலிசி ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. நிறுவனம் சான்றிதழைக் கேட்கவும் இல்லை, பிரீமியத்தைக் குறைக்கவும் இல்லை.

திருட்டு

பின்பக்க மட்கார்டில் பெயின்ட் கொப்பளித்ததால் வண்டி பெயின்ட் பட்டறைக்குப் போனது. ஒரு ஞாயிறு இரவு பட்டறை ஷட்டரின் பூட்டை அறுத்து வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். கூடவே கழற்றி வைத்திருந்த கெட்டிக் கூரையும், அசல் ஸ்டீயரிங்கும் சில்லறை பாகங்களும் இருந்த பெட்டியும் போயின. திங்கள் காலை பட்டறைக்காரர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். உரிமையாளர் அதோடு விட்டுவிடாமல், உரிமையாளர் என்ற முறையில் அன்றே தனிப் புகார் கொடுத்தார். அன்று மாலையே காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்தார். தகவல் தாமதம் என்ற சாக்கு, திருட்டுக் கோரிக்கைகளில் அடிக்கடி வருவது. இங்கே அதற்கு இடமே இல்லாமல் போனது.

முதல் முட்டுக்கட்டை: எண்

இன்றைய கார்களில் 17 இலக்க அடையாள எண் இருக்கும். அந்த முறை 1981 மாடல் வண்டிகளிலிருந்துதான் பொதுவழக்கமானது. 1967 எம்ஜிபியில் இருப்பது ஜிஎச்என்3 என்று தொடங்கும் குறுகிய எண். ஜி என்றால் எம்ஜி, எச் என்பது என்ஜினின் கொள்ளளவு வகை, என் என்றால் திறந்த இரண்டு இருக்கை வண்டி, 3 என்பது வரிசை. நிறுவனத்தின் கணினிப் படிவம் 17 இலக்கம் இல்லாமல் நகர மறுத்தது. யாரோ முன்னால் சுழியங்களைப் போட்டு நிரப்பிவிட்டார்கள். காவல் நிலையப் பதிவிலோ, சேஸி எண் இருக்க வேண்டிய இடத்தில் என்ஜின் எண் ஏறியிருந்தது. இரண்டு ஆவணமும் பொருந்தவில்லை என்று சொல்லி, வாகனத்தின் அடையாளம் உறுதிப்படவில்லை என்று நிறுவனம் எழுதியது.

பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் காவல் பதிவைத் திருத்துவது என்று முடிவெடுத்தோம். அதற்குக் காரணம் 2. தவறான எண்ணோடு பதிவானால் வண்டி கிடைத்தாலும் யாருக்கும் தெரியாது. இன்டர்போலின் திருட்டு வாகனத் தரவுத்தளத்துக்கு உறுப்பு நாடுகளின் காவல்துறை அனுப்பும் விவரமே போகிறது. இங்கே தவறினால் அங்கேயும் தவறு. இரண்டாவது, நிறுவனத்தோடு வாதிட ஓர் அசைக்க முடியாத ஆவணம் வேண்டும்.

அது இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து வந்தது. எம்ஜி உட்பட பல பிரிட்டிஷ் கார்களின் தொழிற்சாலைப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத் தயாரிப்புச் சான்றிதழ் தருகிறார்கள். கார் எண், என்ஜின் எண், தயாரான தேதி, முதல் நிறம் எல்லாம் அதில் வந்தன. ஒரே சிக்கல், முதல் நிறம் சிவப்பு, திருடுபோன வண்டி பச்சை. நிறுவனம் அதையும் கேட்டது. டாஷ்போர்டைக் கழற்றியபோது எடுத்த படத்தில், அடியில் பழைய சிவப்பு பெயின்ட் தெளிவாகத் தெரிந்தது. நிற மாற்றம் வாகனப் பதிவிலும் ஏறியிருந்தது. அடையாளக் கேள்வி அதோடு முடிந்தது.

மறுப்புக் கடிதம்

மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. மறுப்புக்கு 3 காரணங்கள். வண்டி இரவில் பூட்டிய கராஜில் இல்லை. சாவி வண்டிக்கு எட்டும் இடத்தில் விடப்பட்டிருந்தது. மதிப்பீட்டுச் சான்றிதழ் காலாவதி. ஆகவே பொறுப்பை ஏற்க இயலாது. அடுத்த பத்தியிலேயே, நல்லெண்ண அடிப்படையில் சந்தை மதிப்பாக 52 தரத் தயார், இதுவே முழுமையான இறுதித் தீர்வு, கையெழுத்திட்டு அனுப்பவும் என்று இருந்தது.

இந்தக் கடிதத்தின் அமைப்பை நிதானமாகப் பார்க்க வேண்டும். தர வேண்டுமா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு தர வேண்டும் என்பது வேறு கேள்வி. சான்றிதழ் காலாவதியானது தொகையைப் பாதிக்கலாம், பொறுப்பைப் பாதிக்காது. கராஜ் நிபந்தனை மீறப்பட்டிருந்தால் பொறுப்பையே பாதிக்கலாம், தொகையைப் பாதிக்காது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதும், ஒன்றுமே கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் படிப்பவர் 52-க்குத் தலையாட்டிவிடுவார். இந்த உரிமையாளரும் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றுதான் என்னிடம் வந்தார். வேண்டாம் என்றேன். இந்த நிகழ்வில் எடுத்த எல்லா முடிவுகளிலும் இதுதான் பெரியது என்பது என் கருத்து.

கேள்விகளைப் பிரித்தது

பதிலை 2 கடிதமாக, 2 தேதிகளில் அனுப்பினோம். முதல் கடிதத்தில் மதிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஒவ்வொரு காரணத்துக்கும் பாலிசியில் எந்தப் பக்கம், எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொல் என்று மட்டும் கேட்டோம். கேட்டதோடு நிற்காமல், நாங்கள் படித்ததையும் எழுதினோம்.

கராஜ் நிபந்தனையில் இருந்த சொல் ‘வீட்டில் நிற்கும் இரவுகளில்’ என்பது. வண்டி வீட்டில் இல்லை, பட்டறையில் இருந்தது. அதே பாலிசியில் வேறு பக்கத்தில், வாகனம் பழுதுக்காகவோ பராமரிப்புக்காகவோ தொழில்முறைப் பட்டறையின் பொறுப்பில் இருக்கும்போதும் காப்பீடு தொடரும் என்று தெளிவாக எழுதியிருந்தது. மறுப்புக் கடிதம் அந்தப் பிரிவைத் தொடவே இல்லை.

சாவி விஷயம் இன்னும் எளிதாக முடிந்தது. விலக்குப் பிரிவு, சாவி வண்டிக்குள் அல்லது வண்டியின் மேல் விடப்பட்டால் மட்டுமே பொருந்தும். இங்கே சாவி பட்டறை அலுவலகச் சுவரில் கொக்கியில் தொங்கியது. திருட்டுக்கு மறுநாள் காவலர் எடுத்த படத்திலும் அது அங்கேயேதான் தொங்குகிறது! பெயின்ட் வேலைக்காக, இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளின் இணைப்பும் கழற்றப்பட்டிருந்தது. அந்த வண்டியில் ஸ்டீயரிங் பூட்டும் இல்லை. தள்ளிக்கொண்டு போய் லாரியில் ஏற்றியிருக்கிறார்கள் என்பதைப் பக்கத்துக் கட்டடத்தின் கேமரா பதிவு காட்டியது. சாவிக்கும் திருட்டுக்கும் சம்பந்தமே இல்லை. புதிய கார்களின் திருட்டுக்காக எழுதி வைத்த கடிதத்தை அப்படியே இதற்கும் அனுப்பியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பட்டது. மின்னணுச் சாவியின் தரவைப் படிக்க வேண்டும், சாவியை அனுப்புங்கள் என்றுகூட அதில் ஒரு வரி இருந்தது. 1967 வண்டியின் சாவி வெறும் உலோகத் துண்டு.

பட்டறைக்காரர் தர முன்வந்த பணம்

இந்த நேரத்தில் பட்டறைக்காரர் உரிமையாளரைச் சந்தித்தார். நல்ல மனிதர், மனவருத்தத்தில் இருந்தார். 15 அளவுக்குப் பணம் தருகிறேன், இனி என் மேல் கோரிக்கை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார். உரிமையாளருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தது. இங்கே ஒரு பெரிய ஆபத்து உண்டு. இழப்பீடு கொடுத்த நிறுவனத்துக்கு, அந்த இழப்புக்குக் காரணமானவர்களிடமிருந்து பணத்தை மீட்கும் உரிமை வந்து சேர்கிறது. அந்த உரிமையைக் கெடுக்கும் எதையும் காப்பீடு செய்தவர் செய்யக்கூடாது. ‘இனிக் கோரிக்கை இல்லை’ என்று எழுதிக் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்கு நான்காவதாக ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதுவும் நியாயமான காரணம். பணத்தை வாங்கவில்லை. நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு, உங்கள் காப்பீட்டாளரிடம் இதைச் சொல்லிவிடுங்கள் என்று பட்டறைக்காரரிடம் சொல்லும்படி உரிமையாளருக்குச் சொன்னேன். அப்படியே செய்தார்.

விசாரணைச் சந்திப்பு

நான்காம் மாதம் நிறுவனம் ஒரு விசாரணையாளரை அனுப்பியது. கேள்விகள் பெரும்பாலும் பண நெருக்கடி உண்டா என்பதைச் சுற்றியே வந்தன. உண்மையில் திருட்டுக்கு 5 மாதம் முன்பு உரிமையாளர் காரை விற்க விளம்பரம் கொடுத்திருந்தார். 110 கேட்டார். ஒருவர் 93 தருவதாக எழுத்தில் சொன்னார். இவர் விற்கவில்லை.

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று உரிமையாளர் தயங்கினார். கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். காப்பீட்டில் நல்லெண்ணக் கடமை இரு தரப்புக்கும் உண்டு என்று 1766-இலேயே இங்கிலாந்து நீதிபதி லார்டு மான்ஸ்ஃபீல்டு தீர்ப்பில் சொல்லியிருக்கிறார். நிறுவனத்திடம் அதை எதிர்பார்ப்பவர் தானும் அப்படி நடக்க வேண்டும். அது தவிர, மறைத்து வைத்துப் பிறகு அவர்களே கண்டுபிடித்தால் சந்தேகத்துக்கு உயிர் வந்துவிடும். அவர் விளம்பரத்தையும், 93 என்ற கடிதத்தையும், ஏன் விற்கவில்லை என்பதையும் எடுத்துக் கொடுத்தார். தெரியாத கேள்விகளுக்குத் தெரியாது என்றார். சந்திப்பு முடிந்த அன்றே, பேசியதைச் சுருக்கமாக எழுதி விசாரணையாளருக்கே மின்னஞ்சல் அனுப்பினார். தொலைபேசி உரையாடல்களுக்கும் இதே வழக்கம்.

93 கடிதம் இரு பக்கமும் வெட்டியது. மதிப்பு 100 இல்லை என்று நிறுவனம் அதைக் காட்டியது. ஆனால் 52 என்பது எவ்வளவு குறைவு என்பதையும் அதே கடிதம்தான் காட்டியது.

ஆறாம் மாதம் நிறுவனம் பொறுப்பை எழுத்தில் ஏற்றுக்கொண்டது.

மதிப்புத் தகராறு

இப்போதுதான் இரண்டாம் கேள்வி. நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் 9 விளம்பரங்களைச் சேர்த்து சராசரி எடுத்து 52-க்கு வந்திருந்தார். அந்த 9-ஐ ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். 6 வண்டிகள் ரப்பர் பம்பர். 2 வண்டிகள் மூடிய கூரை கொண்ட ஜிடி. மீதி ஒன்று சரியான வகைதான், ஆனால் தரையே துருப்பிடித்து, ஓடாத நிலையில் விற்பனைக்கு வந்தது. எண்ணின் முன்னொட்டு இங்கே மறுபடி உதவியது. ரப்பர் பம்பர் வண்டிகள் ஜிஎச்என்5 வரிசை, நம்முடையது ஜிஎச்என்3. இது ரசனை சார்ந்த வாதமல்ல, தொழிற்சாலையே போட்ட வகைப்பாடு.

பிறகு, காரைப் பார்க்காமலே ஒரு தனி மதிப்பீட்டாளர் படங்களை வைத்து மதிப்பிட்டார். சில் வேலையின் படங்கள்தான் அவருக்கு நம்பிக்கை தந்தன. பளபளப்பான பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதே பழைய காரின் விலையைத் தீர்மானிக்கிறது, அதை விற்பனைப் படங்களில் பார்க்க முடியாது. அவர் 97 என்றார். நிறுவனம் 52-இலிருந்து 74-க்கு ஏறியது.

ஆனால் எங்கள் முதன்மை வாதம் சந்தை விலை அல்ல. ஒப்புக்கொண்ட மதிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதுதான். கடைசியாகப் புதுப்பித்த பாலிசி அட்டவணையில் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ என்ற கட்டத்தில் 100 அச்சாகியிருந்தது. பிரீமியம் 100-க்கே வாங்கப்பட்டது. சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்று நிபந்தனை சொன்னதே தவிர, புதுப்பிக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. பாலிசியின் வாசகம் இரு பொருள் தந்தால், எழுதியவருக்கு எதிராகப் பொருள்கொள்வது நீண்டகால வழக்கம். தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் பதிவுகளின் நகலைத் தரும்படியும் உரிமையாளர் விண்ணப்பித்தார். வந்த ஆவணங்களில் புதுப்பித்தலின்போது உள்ளே எழுதிய குறிப்பு ஒன்று இருந்தது: மதிப்பு ஒப்புக்கொண்டது, மாற்றமில்லை.

சர்ச்சையில்லாத 52-ஐ உடனே கொடுங்கள், மீதியைப் பேசலாம் என்றும் தொடர்ந்து கேட்டு வந்தோம். முதலில் மறுத்தார்கள். எட்டாம் மாதம், இறுதித் தீர்வு என்ற கையெழுத்து இல்லாமலே அதைக் கொடுத்தார்கள். அதன் பிறகு உரிமையாளருக்கு அவசரம் போய்விட்டது. காத்திருக்க முடிகிறவரிடம் பேரம் பேசுவது கடினம்.

குறைதீர்ப்பாளரிடம்

நிறுவனத்தின் உள் புகார்ப் பிரிவு 74-இல் நின்றுவிட்டது. அவர்களது இறுதி பதிலைப் பெற்றுக்கொண்டு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனோம். மனு சிறியது. தேதிவாரியாக ஒரு பட்டியல், பாலிசியின் 2 பக்கங்கள், உள்குறிப்பு, 9 வண்டிகளின் அட்டவணை. நிறுவனத்தைக் குறை சொல்லும் சொல் எதுவும் அதில் இல்லை. கோபத்தை எழுதினால் படிப்பவர் அதைத் தாண்டித்தான் ஆதாரத்துக்கு வர வேண்டியிருக்கும்.

முதற்கட்டக் கருத்து எங்கள் பக்கம் வந்தது. பிரீமியத்தை 100-க்கு வாங்கிக்கொண்டு, சான்றிதழையும் கேட்காமல், இழப்பு நேர்ந்த பிறகு மட்டும் அந்த நிபந்தனையை எடுத்துப் பேசுவது முறையல்ல என்பது அதன் சாரம். இறுதி முடிவு வருமுன் நிறுவனம் இறங்கிவந்தது.

கிடைத்ததும் கிடைக்காததும்

பாலிசிப்படி உரிமையாளர் ஏற்க வேண்டிய 2 போக, 98 கிடைத்தது. தாமதத்துக்குச் சிறிய வட்டியும் வந்தது. கெட்டிக் கூரைக்கும் பாகப் பெட்டிக்கும் எதுவும் கிடைக்கவில்லை. உதிரி பாகங்கள் தனியாகப் பட்டியலிடப்பட்டிருந்தால் மட்டுமே காப்பீடு என்று பாலிசி தெளிவாகச் சொன்னது. அதில் வாதிட இடமில்லை, வாதிடவும் இல்லை.

தீர்வு ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னோம். இழப்பீடு கொடுத்த பிறகு வண்டி கிடைத்தால் அது நிறுவனத்துக்குச் சொந்தம். ஆனால் விற்பதற்கு முன் உரிமையாளருக்குத் தெரிவித்து, அவர் வாங்க 60 நாள் அவகாசம் தர வேண்டும். நிறுவனம் தயங்காமல் ஒப்புக்கொண்டது. இதை எழுதும்வரை வண்டி கிடைக்கவில்லை. சரியான எண்ணோடு அது தேடப்படும் பட்டியலில் இருக்கிறது.

இனி மாற்ற வேண்டியவை

உரிமையாளர் இப்போது வேறொரு பழைய கார் வைத்திருக்கிறார். சான்றிதழ் காலாவதி ஆவதற்கு 2 மாதம் முன்பே புதிதாக எடுத்து, மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதாகப் பதிலும் வாங்கி வைக்கிறார். வண்டி வேறு இடத்தில் இரவு தங்கும் என்றால், பட்டறையானாலும் நண்பர் வீடானாலும், முன்பே நிறுவனத்துக்கு எழுதுகிறார். பட்டறையில் விடும்போது என்னென்ன பொருள் உள்ளே இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். உதிரி பாகங்கள் தனிப் பட்டியலாகப் பாலிசியில் ஏறியிருக்கின்றன. அதற்குப் பிரீமியம் சற்றுக் கூடியது.

என் பக்கத்தில், இப்படிப்பட்ட கோரிக்கை வந்தால் முதல் நாளே காவல் புகாரின் நகலை வாங்கி, வண்டியின் தகட்டில் இருக்கும் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். இந்த நிகழ்வில் அது மூன்றாம் வாரத்தில்தான் நடந்தது. அந்த 3 வாரமும் இந்தக் காரைத் தேடிய பதிவுகளில் தவறான எண்தான் இருந்தது.